1985-இல் வந்த ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’: மெதுவாகப் போகிற இந்தத் தொடரை எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: அகதா கிறிஸ்டியின் கிராமத்துக் கொலைக் கதைகளில் வருகிற துப்பறியும் கிழவி மிஸ் மார்பிளை வைத்து பிபிசி எடுத்த பழைய தொடரை எல்லோரும் புகழ்கிறார்கள். ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’ போட்டுப் பார்த்தேன். பாதி நேரம் வயதானவர்கள் டீ குடிக்கிறார்கள், கேக் சாப்பிடுகிறார்கள், நிலக்கரி கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள். இதில் அப்படி என்ன இருக்கிறது?

நீங்கள் அலுத்துப்போய்த் தாண்டிப் பார்த்த அந்த டீயும் கேக்கும் நிலக்கரியும்தான் கதை. துப்புகளில் பெரும்பாதி அங்கேதான் கிடக்கிறது. அதனால் பதிலைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். முதல் பாதியில் கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய இடம் வரும்போது முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

முதலில் கதையின் தொடக்கம். சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற சின்ன ஆங்கிலேயக் கிராமம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நாள் காலையில் உள்ளூர்ப் பத்திரிகையின் வரி விளம்பரப் பகுதியில், பழைய சாமான் விற்பனைக்கும் வேலையாள் தேவைக்கும் நடுவில், ஒரு அறிவிப்பு வருகிறது: வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு லிட்டில் படாக்ஸ் என்ற வீட்டில் ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்றுக்கொள்ளவும். அந்த வீட்டுக்காரி லெட்டீஷியா பிளாக்லாக். அவருக்கே இந்த விளம்பரம் புதுச் செய்தி. அக்கம்பக்கத்தார் இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து, ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். மணி ஆறரை. விளக்குகள் அணைகின்றன. கதவு திறக்கிறது. ஒரு டார்ச் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது, ‘கையைத் தூக்குங்கள்’ என்று ஒரு குரல், துப்பாக்கிச் சத்தம். விளக்கு வந்து பார்த்தால் அந்நியன் ஒருவன் செத்துக் கிடக்கிறான். பிளாக்லாக்கின் காதிலிருந்து ரத்தம் வழிகிறது.

செத்தவன் பக்கத்து நகரத்து ஹோட்டலில் வேலை பார்த்த ரூடி ஷெர்ஸ் என்ற சுவிட்சர்லாந்து இளைஞன். அதே ஹோட்டலில்தான் மூட்டுவலி வைத்தியத்துக்காக மிஸ் மார்பிள் தங்கியிருக்கிறார். கதைக்குள் அவர் நுழைவது அந்த வழியாகத்தான்.

நாவல் 1950-இல் வெளிவந்தது. கிறிஸ்டியின் ஐம்பதாவது புத்தகம் என்று பதிப்பாளர்கள் விளம்பரப்படுத்தினார்கள். அந்த ஆண்டு பிரிட்டனில் என்ன நிலவரம் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் தொடர் வேறு மாதிரித் தெரியும். போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் ரேஷன் தீரவில்லை. 1940-இல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954-இல்தான் முழுதாக முடிந்தது. போர்க்காலத்தில் எல்லோருக்கும் கொடுத்த அடையாள அட்டை 1952 வரை புழக்கத்தில் இருந்தது. வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் அளந்துதான் கிடைக்கும். அக்கம்பக்கத்தில் ஒருவருக்கொருவர் முட்டையையும் வெண்ணெயையும் மாற்றிக்கொள்வது சட்டப்படி குற்றம், ஆனால் எல்லோரும் செய்கிறார்கள். இன்ஸ்பெக்டர் விசாரிக்க வரும்போது இந்தச் சின்னக் கள்ளத்தனத்தை மறைக்கத்தான் பாதிப்பேர் தடுமாறுகிறார்கள். பெரிய பொய்க்குப் பக்கத்தில் இத்தனை சின்னப் பொய்கள் நின்றால், எதைப் பிடிப்பது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இன்னும் முக்கியமான ஒன்று, ஆட்கள். போருக்கு முன்பு ஒரு கிராமத்தில் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய வீட்டுக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தால், முன்பே தெரிந்தவர்களின் அறிமுகக் கடிதத்தோடு வருவார். போருக்குப் பிறகு அது போயிற்று. யாரோ வருகிறார்கள், ஒரு காலி வீட்டை வாங்குகிறார்கள், தங்களைப் பற்றித் தாங்களே ஒரு கதை சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது. இந்தியாவில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய கர்னல் ஈஸ்டர்புரூக்கும் அவர் மனைவியும் அப்படி வந்தவர்கள்தான். லெட்டீஷியா பிளாக்லாக்கும் அவருடைய பள்ளித் தோழி டோரா பன்னரும் அப்படியே. தூரத்து உறவு என்று சொல்லிக்கொண்டு வந்து தங்கியிருக்கிற இளைஞர்களும் அப்படியே. ‘யார் வீட்டுப் பிள்ளை நீ?’ என்று கேட்கிற பழக்கம் அற்றுப்போன ஊர் அது. மிஸ் மார்பிள் இன்ஸ்பெக்டரிடம் இதை ஏறக்குறைய நேராகவே எடுத்துச் சொல்கிறார். அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள். கொலைக்கான விடை அந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஒரு கிழவி பழைய நாட்களை நினைத்து ஏங்குவதாக நமக்குப் படும்.

இந்தத் தொடரை நான் இவ்வளவு உயர்வாக நினைப்பதற்குக் காரணமும் அதுதான். புதிரைத் திரையில் காட்டுவது கடினமில்லை. அந்தப் புதிர் எந்தச் சமூகத்தில் மட்டும் சாத்தியமோ அந்தச் சமூகத்தை மூன்று பகுதிகளுக்குள் உயிரோடு நிறுத்துவது கடினம். இவர்கள் அதைச் செய்தார்கள்.

செய்தவர்களைப் பற்றிக் கொஞ்சம். திரைக்கதை அலன் பிளேட்டர், இயக்கம் டேவிட் ஜைல்ஸ், தயாரிப்பு கை ஸ்லேட்டர். 1985 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலுமாக, அடுத்தடுத்த மூன்று இரவுகளில் பிபிசி ஒளிபரப்பியது. பிளேட்டர் வட இங்கிலாந்துக்காரர், சாதாரண மனிதர்களின் பேச்சை எழுதுவதில் கைதேர்ந்தவர். நாவலில் இரண்டு பக்கம் ஓடுகிற அரட்டையை ஐந்தாறு வரிகளுக்குள் சுருக்கி, ஒவ்வொருவருக்கும் தனிக் குரல் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பிபிசி நாடகங்களில் வீட்டுக்குள் நடப்பதை ஸ்டூடியோவில் வீடியோவிலும், வெளியே நடப்பதை ஃபிலிமிலும் எடுப்பார்கள். கதவைத் திறந்து வெளியே வந்தால் படத்தின் நிறமே மாறும். மிஸ் மார்பிள் வரிசையை முழுக்க ஃபிலிமிலேயே எடுத்தார்கள். அதனால் டார்செட் மாவட்டத்து பவர்ஸ்டாக் கிராமத்தின் சாம்பல் வெளிச்சமும், லிட்டில் படாக்ஸ் வரவேற்பறையின் மங்கிய விளக்கொளியும் ஒரே உலகமாக ஒட்டிக்கொள்கின்றன. வீடுகள் உண்மையான வீடுகள் போலவே குளிர்கின்றன. வீட்டுக்குள்ளும் எல்லோரும் கம்பளிச் சட்டையோடு இருப்பதைக் கவனியுங்கள்.

ஜோன் ஹிக்சனைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். அவர் பிறந்தது 1906. மிஸ் மார்பிளாக முதலில் தோன்றிய ‘தி பாடி இன் தி லைப்ரரி’ 1984 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்தபோது அவருக்கு வயது 78. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, கிறிஸ்டியின் நாடகம் ஒன்றில் அவர் நடித்ததைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் நீங்கள் என் மிஸ் மார்பிளாக நடிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் கிறிஸ்டியே அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். கிறிஸ்டி 1976-இல் இறந்துவிட்டார், அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஹிக்சன் 1992 வரை மிஸ் மார்பிள் நாவல்கள் பன்னிரண்டிலும் நடித்து முடித்தார்.

அவருக்கு முன்பு 1960-களில் மார்கரெட் ரூதர்ஃபோர்டு நடித்த நான்கு படங்கள் வந்தன. அவை கலகலப்பான நகைச்சுவைப் படங்கள், கிறிஸ்டியின் மார்பிளோடு அதிகச் சம்பந்தம் இல்லை. ‘மர்டர் ஷி செட்’ படத்தில் ஹிக்சனே வீட்டு வேலைக்காரியாக ஒரு சின்ன வேடத்தில் வருகிறார். ஹிக்சனின் மார்பிள் அன்பான பாட்டி என்று நினைத்துப் பார்க்க ஆரம்பித்தால் ஏமாந்துவிடுவீர்கள். அவர் சிரிப்பது குறைவு. குரல் மெல்லியது, வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார், நூற்கண்டைத் தேடுவார். ஆனால் அந்த நீலக் கண்கள் எதிரில் இருப்பவர் மீதிருந்து விலகுவதே இல்லை. பேசுகிறவர் தன்னை மறந்து பேசிக்கொண்டே போகும்போது, ஹிக்சன் தலையை ஒரு நூலிழை சாய்ப்பார். அவ்வளவுதான் நடிப்பு. மனிதர்கள் எவ்வளவு கெட்டவர்களாக முடியும் என்பது இந்தப் பெண்ணுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்று அந்த அசைவு சொல்லிவிடும்.

மற்ற நடிகர்களில் சிலரைப் பின்னால் வேறு இடங்களில் பார்த்திருப்பீர்கள். இன்ஸ்பெக்டர் கிராடக்காக வருகிற ஜான் காசிலின் உதவியாளர் கெவின் வாட்லி. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ தொடரில் லூயிஸ் ஆனார். பிளாக்லாக் வீட்டில் உறவு என்று தங்கியிருக்கிற ஜூலியாவாக வருகிற சமந்தா பாண்ட் 1995-இலிருந்து ஜேம்ஸ் பாண்ட் படங்களில் மிஸ் மனிபென்னி.

குறையும் உண்டு. போரில் குடும்பத்தைப் பறிகொடுத்துத் தப்பி வந்த அகதிப் பெண் ஒருத்தி அந்த வீட்டில் சமையல் செய்கிறாள். நாவலில் அவள் பெயர் மிட்ஸி, தொடரில் ஹன்னா. அவள் பயத்தையும் கூச்சலையும் கிராமத்தார் மிகைப்படுத்தலாக எடுத்துக்கொண்டு சலித்துக்கொள்கிறார்கள். கதையும் பல இடங்களில் அவர்கள் பக்கமே நின்று அவளைச் சிரிப்புக்கு ஆளாக்குகிறது. கண்ணெதிரே தன் குடும்பம் கொல்லப்பட்டதைப் பார்த்தவள், சீருடை போட்ட போலீஸ்காரரைக் கண்டால் நடுங்காமல் என்ன செய்வாள்? இன்றைக்குப் பார்க்கும்போது அந்தக் காட்சிகள் உறுத்துகின்றன. எனக்கு உறுத்தத்தான் செய்தது. இன்னொன்று, சொத்து வாரிசுகளான பிப், எம்மா என்ற இரட்டையர் பற்றிய கிளைக்கதை. வேகமாக வந்துபோகிற அந்தப் பெயர்களை முதல் தடவையில் முழுதாகப் பிடிப்பது சிரமம். கவலைப்பட வேண்டாம், கதையின் உயிர் அதில் இல்லை.

இங்கிருந்து கொலையாளி யார் என்று சொல்லப்போகிறேன். பார்த்து முடிக்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மூன்று பகுதிகளையும் பார்த்தபின் வாருங்கள்.

கொலையாளி வீட்டுக்காரியேதான். அவர் லெட்டீஷியாவும் இல்லை, அவருடைய தங்கை ஷார்லட். இளம்வயதில் கழுத்தில் பெரிய கழலை வளர்ந்து, யார் கண்ணிலும் படாமல் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவர். தந்தை மருத்துவர்தான், ஆனால் அறுவைச் சிகிச்சையில் நம்பிக்கை இல்லாதவர், பிடிவாதக்காரர். தந்தை இறந்தபின் அக்கா லெட்டீஷியா அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போய்ச் சிகிச்சை செய்வித்தார். பிறகு அங்கேயே அக்கா நிமோனியாவில் இறந்துபோனார். அக்காவுக்கு ஒரு பெரும் பணக்காரரின் சொத்து வர இருந்தது. அந்தப் பணக்காரரின் நோயாளி மனைவி ஸ்காட்லாந்தில் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். அக்கா அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தால்தான் சொத்து கிடைக்கும். ஷார்லட் அக்காவாக மாறினார். பழைய ஊருக்குத் திரும்பாமல், யாரும் தன்னை அறியாத ஒரு கிராமத்தில் வீடு வாங்கினார். யாரும் யாரையும் கேள்வி கேட்காத அந்தப் போருக்குப் பிந்தைய ஊர் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. சுவிட்சர்லாந்து மருத்துவமனையில் வேலை பார்த்திருந்த ரூடி ஷெர்ஸ் அவரை அடையாளம் கண்டுகொள்ளும் வரை.

இப்போது மறுபடி முதல் பகுதியைப் போட்டுப் பாருங்கள். அந்த அழைப்புக் காட்சியில் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ‘அட, சென்ட்ரல் ஹீட்டிங் போட்டுவிட்டீர்களா!’ என்று வியக்கிறார்கள். நிலக்கரித் தட்டுப்பாட்டுக் காலத்தில் அது ஆடம்பரம். வந்த காரணத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு ஆளாளுக்கு அதையே பேசுவதாக நினைத்து நாம் சிரித்துவிடுகிறோம். ஆனால் ஹீட்டிங் போட்டால்தான் அறையில் கணப்புக்குத் தேவை இருக்காது. கணப்பு எரிந்தால், விளக்கு அணைந்தாலும் அறையில் வெளிச்சம் இருக்கும். கொலையாளிக்கு முழு இருட்டு வேண்டும். அந்த வியப்பு ஒவ்வொன்றும் ஒரு துப்பு. எழுத்தில் இதைப் படித்துக்கொண்டே தாண்டிவிடுவோம், தொடரில் அந்த எரியாத கணப்பு நம் கண் முன்னாலேயே இருக்கிறது. இருந்தும் நமக்குத் தெரியவில்லை. பிளாக்லாக்கின் கழுத்து முத்துமாலையும் அப்படித்தான். பகலிலும் இரவிலும் அதைக் கழற்றாமல் ஏன் அணிந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. வயதான கனவான் வீட்டுப் பெண்கள் முத்துமாலை போடுவது வழக்கம்தானே என்று நாமும் விட்டுவிடுகிறோம். சிகிச்சைத் தழும்பு அதன் அடியில் இருக்கிறது.

பிளாக்லாக்காக வருகிற ஊர்சுலா ஹோவெல்ஸின் நடிப்புக்கு இரண்டாம் தடவைதான் நியாயம் கிடைக்கும். அவர் கொலைகாரியாக நடிக்கவில்லை. வாழ்க்கை கடைசியில் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது, அதை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று தவிக்கிற ஒரு நல்ல பெண்ணாக நடித்திருக்கிறார். அந்தத் தவிப்பு உண்மை. அதனால்தான் அவர் மேல் சந்தேகம் எழுவதில்லை.

தோழி டோரா பன்னர் இருக்கிறாரே, ரெனே ஆஷர்சன் நடித்தது, என் மனத்தில் தொடரின் மையம் அவர்தான். வறுமையில் தனியாகக் கிடந்தவர். பழைய பள்ளித் தோழிக்குக் கடிதம் எழுதுகிறார், தோழி அவரை அழைத்து வீட்டில் வைத்துக்கொள்கிறார். டோராவுக்கு உண்மை தெரியும். அதைத் தவறு என்று அவர் நினைக்கவும் இல்லை, பாவம் ஷார்லட் எவ்வளவு கஷ்டப்பட்டவள் என்றுதான் நினைக்கிறார். ஆனால் வாயைக் கட்ட முடியாதவர். லெட்டி என்று கூப்பிட வேண்டியவரை அவ்வப்போது பழைய பழக்கத்தில், ஷார்லட்டின் செல்லப்பெயரான லாட்டி என்று கூப்பிட்டுவிடுகிறார். மார்பிளோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசும் காட்சியில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். சப்டைட்டில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை: இந்த இடத்தில் அதை அணைத்துவிடுங்கள். காதுக்கு நழுவுகிற வித்தியாசம், எழுத்தில் கண்ணுக்குப் பட்டுவிடும்.

டோராவுக்குப் பிறந்தநாள் வருகிறது. ‘டெலிஷியஸ் டெத்’ என்று அந்த வீட்டில் செல்லப்பெயர் வைத்த சாக்லேட் கேக்கைச் சமையல்காரி செய்கிறாள். வெண்ணெயும் சர்க்கரையும் அரிதான காலத்தில் அது எவ்வளவு பெரிய விருந்து என்பதை அவர்கள் அந்தக் கேக்கைப் பார்க்கிற பார்வையே சொல்லும். டோரா குழந்தை மாதிரி மகிழ்கிறார். கேக் சாப்பிட்டுத் தலைவலி வந்ததும், தோழியின் படுக்கையருகே இருந்த ஆஸ்பிரின் பாட்டிலில் இருந்து மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறார். எழுந்திருக்கவில்லை. மாத்திரையை மாற்றி வைத்தது தோழி. பிளாக்லாக்கைக் கொல்ல யாரோ வைத்த மாத்திரையை டோரா தவறுதலாகப் போட்டுக்கொண்டார் என்று ஊரே நம்புகிறது.

அந்தப் பிறந்தநாள் விருந்து வஞ்சகத்துக்காகப் போட்ட வேஷம் இல்லை என்பதுதான் என்னை உலுக்குகிற விஷயம். தான் கொல்லப்போகிற தோழிக்குக் கடைசியாக ஒரு நல்ல நாள் கொடுக்க வேண்டும் என்று ஷார்லட் உண்மையிலேயே விரும்புகிறார். மேசையில் டோராவைப் பார்க்கும்போது ஹோவெல்ஸ் முகத்தில் இருக்கிற கனிவு பொய் இல்லை. மறுநாள் அழுகிற அழுகையும் பொய் இல்லை. தன்னை லாட்டி என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆளைத் தானே கொன்றுவிட்டார். கொலையாளியின் துக்கத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய துப்பறியும் தொடர்கள் மிகக் குறைவு.

அதன் பிறகு வருவது ஹிஞ்ச்கிளிஃப், மர்காட்ராய்ட் என்ற இரண்டு பெண்களின் கதை. கோழியும் பன்றியும் வளர்த்துக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள். கேரி ஆன் நகைச்சுவைப் படங்களில் எல்லோரையும் சிரிக்கவைத்த ஜோன் சிம்ஸ்தான் மர்காட்ராய்ட். ஹிஞ்ச்கிளிஃபாகப் பாவோலா டியோனிசோட்டி. துப்பாக்கிச் சூடு நடந்த இரவில் மர்காட்ராய்ட் மட்டும் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் அவர் கண் டார்ச்சில் கூசவில்லை. மற்றவர்கள் பார்க்காததை அவர் பார்த்திருக்க வேண்டும். இருவரும் வீட்டிலேயே அந்த இரவை நடித்துப் பார்க்கிறார்கள். ஹிஞ்ச்கிளிஃப் அவசரமாக வெளியே கிளம்புகிற நேரத்தில் மர்காட்ராய்டுக்கு நினைவு வந்துவிடுகிறது. ‘அவள் அங்கே இல்லை’ என்று கத்துகிறார். கார் போய்விடுகிறது. மழை வர, கொடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுகிறவரை அங்கேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறார் ஷார்லட்.

இவர்கள் இருவரின் உறவுக்குத் தொடர் எந்தப் பெயரும் வைப்பதில்லை. 2005-இல் ஐடிவி தொலைக்காட்சி எடுத்த பதிப்பு அவர்களைக் காதலர்கள் என்று வெளிப்படையாகவே காட்டியது, அதில் தவறில்லை. ஆனால் 1985-இல் டியோனிசோட்டி, செத்துக் கிடக்கிற தோழியைக் கண்ட பிறகு அதிகம் பேசாமலே தருகிற அந்த முகத்துக்கு முன்னால் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. அதுவரை கரகரப்பாகவும் அதட்டலாகவும் இருந்த பெண் அவர். ஹிக்சனும் அங்கே ஆறுதல் வார்த்தை சொல்லி இழுப்பதில்லை. யார் செய்தது என்று கண்டுபிடிப்பதே இனி செய்ய வேண்டிய வேலை என்கிற உறுதி அவர் முகத்தில் வந்துவிடுகிறது.

அந்த வீட்டில் இருக்கிற மற்றவர்களையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஜூலியா என்று சொல்லிக்கொண்டவள் ஜூலியா இல்லை, எம்மா. தோட்ட வேலைக்குப் போகிற அமைதியான விதவை ஃபிலிப்பாதான் பிப். கணவர் போரில் இறந்ததாக அவள் சொன்னதும் உண்மையில்லை, அவர் ராணுவத்தை விட்டு ஓடியவர். ஒரே கூரையின் கீழ் மூன்று பேர் வேறு ஆட்களாக வாழ்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் மற்றவர் ரகசியம் தெரியாது. அடையாள அட்டை எல்லோரிடமும் இருந்தது.

தொடர்ந்து பார்க்க விரும்பினால், அடுத்து ‘தி மூவிங் ஃபிங்கர்’ போடுங்கள். அதுவும் 1985-இல் வந்ததுதான், ராய் போல்டிங் இயக்கியது, ஒரு சின்ன ஊரை மொட்டைக் கடிதங்கள் எப்படிக் கெடுக்கின்றன என்ற கதை. அதற்கப்புறம் 1986-இல் வந்த ‘தி மர்டர் அட் தி விகரேஜ்’. மார்பிளின் சொந்த ஊரான செயின்ட் மேரி மீடாக ஹாம்ப்ஷயர் மாவட்டத்து நெதர் வாலப் கிராமத்தைக் காட்டியிருப்பார்கள். கிராடக்காக ஜான் காசிலை மறுபடி பார்க்க ஆசைப்பட்டால், 1992-இல் வந்த ‘தி மிரர் கிராக்டு’ வரை காத்திருக்க வேண்டும். ஹிக்சன் மிஸ் மார்பிளாகக் கடைசியாக நடித்ததும் அதில்தான்.